மருந்தில்லாத தோட்டா

படகு ஹால்டோருடையது,
நாணல் மறைப்பு என்னுடையது.
அதனால் மட்டும்தான் அன்றும் சேர்ந்து போனோம்.
மனிடோபாவின் அக்டோபர். சதுப்பின் ஓரங்களில்
கண்ணாடித் தாள் போல முதல் பனிக்கட்டி.
துடுப்பு அதை உடைக்கும் சத்தம் தவிர
எங்களுக்குள் பேச்சில்லை, பதினேழு நாளாக.

ஒரு பழைய மோட்டார். ஆயிரத்து நூறு டாலர்.
தருகிறேன் என்றான் அவன்; எப்போது என்றேன் நான்.
கடைசியாகத் தொலைபேசியில் கேட்ட இரவு
சொல்லக் கூடாததையும் சொன்னேன்,
அவன் அப்பா வைத்துவிட்டுப் போன கடன்களையும் சேர்த்து.

கிழக்கு வெளுக்குமுன் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டோம்.
அவன் தலையசைத்தான், நான் கயிறு விட்டேன்.
சண்டைக்காரர்களுக்கும்
வேலை தெரிந்த கைகள் தனியே பேசிக்கொள்ளும்.

முதல் கூட்டம் தாழ்ந்து வந்தது,
பச்சைத்தலை ஆண்கள், சிறகைக் குடையாக வளைத்து.
அவன் எழுந்தான். சுட்டான்.

டமார் இல்லை.
சோடா பாட்டில் திறந்தது போல் ஒரு புஸ்.
தோளை உதைக்காத துப்பாக்கி.
கிழிந்த சாக்கிலிருந்து கோதுமை சிந்துவது போல
ரவைகள் நான்கடி தள்ளித் தண்ணீரில் கொட்டின.

வாத்துகள் மேலேறி ஒரு வட்டமடித்து
எங்களை நோக்கியே திரும்பின.
முன்பிடியை அவன் இழுத்துத் தள்ளினான்.
கடக், கடக்.
அடுத்த தோட்டா உள்ளே போய் உட்கார்ந்தது.

ஒரு நொடி இருந்தது எனக்கு.
அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.
பேசாத பழக்கம் நாக்கில் உறைந்திருந்தது.
அவன்தான் முதலில் பேசட்டும் என்று
எனக்குள் ஒரு கஞ்சன் கணக்குப் பார்த்தான்.
பிறகுதான் கத்தினேன்:
"சுடாதே! குழல் அடைச்சிருக்கு!"

திட்டு தனக்கென்று நினைத்து
நாய் மஸ்கா படுத்துக்கொண்டது.
அவன் விரல் விசையை விட்டு விலகியது.
குழலின் வாயை ஆளில்லாத நீர்ப்பக்கம் பிடித்தபடி
தோட்டாக்களை எடுத்து என் தொப்பியில் போட்டான்.
இரண்டு.
தோட்டா அறையை விரலால் தடவி, காலி என்று உறுதிசெய்து,
திருகைக் கழற்றிக் குழலை உருவினான்.
பின்பக்கம் கண்ணை வைத்து விடியலைப் பார்த்தான்.

வெள்ளிக் காசு போல் தெரிய வேண்டும் வானம்.
அவன் ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினான்.
நானும் பார்த்தேன்.
முழு கிரகணம்.

கட்டைவிரல் நுனியளவு ஒரு தக்கை.
அதன் முதுகில் அடுத்த வெடி மோதியிருந்தால்
எஃகு வாழைப்பழத் தோலாக உரிந்திருக்கும்,
முன்பிடியில் இருந்த இடது கையோடு.
அந்தக் கையை வைத்துத்தான்
அவன் அக்கார்டியன் வாசிக்கிறான். மோசமாக.

இதற்குள் வாத்துகள் இறங்கிவிட்டன.
பொய்களுக்கு நடுவே நிஜங்கள்,
வாலை உயர்த்தித் தலைகீழாய் மேய்ந்தன.
என் துப்பாக்கி நிரம்பித்தான் இருந்தது.
அதையும் காலி செய்தேன்.

"நிலவறையில நானே அடைச்ச தோட்டா," என்றான்.
"தக்கை வெச்சேன், ரவை போட்டேன்.
மருந்து போடலை."
மஸ்காவின் காதைக் கொஞ்ச நேரம் தடவினான்.
"அன்னிக்கு ராத்திரி நீ எத்தனை மணிக்குப் போன் பண்ணினே?"
"ஒன்பதே முக்கால்."
"ம்."

வீட்டில் மரக்கம்பியால் தட்டியதும் அது விழுந்தது.
நான்கு இதழ் பிளாஸ்டிக் பூ, விளிம்பு கருகாமல்.
அதை ஜன்னலில் வைத்துவிட்டு
சிக்ரூன் மாவு நிறுக்கும் தராசை எடுத்துவந்தான்.
மிச்சமிருந்த இருபத்து நான்கையும்
ஒவ்வொன்றாக நிறுத்தோம்; நான் எழுதிக்கொண்டேன்.
இருபத்து மூன்று ஏறக்குறைய ஒரே எடை.
ஒன்று மட்டும் இலேசு.

அன்றிரவு
நான் இரண்டு முறை கூப்பிட்டிருந்தேன்.

பணம் இன்னும் வரவில்லை.
கேட்பேன்.
பகலில், நேரில்,
அவன் கையில் எதுவும் இல்லாதபோது.