வந்து சேராத வரிகள்

ஓஸ்ட்ராவாவில் இரவு பதினொன்று.
பகலெல்லாம் அடுத்தவர் பற்களை
எக்ஸ்ரே எடுத்த வெந்துலா
சமையலறை மேசையில்
அயோவைப் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

மூன்று படங்கள். மூன்றும் சாம்பல்.
சிவப்பு வடிகட்டி வழி ஒன்று, பச்சை வழி ஒன்று,
ஊதா வழி ஒன்று.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
நிலவு கொஞ்சம் திரும்பிவிட்டது.
அடுக்கினால் விளிம்பு பிசிறுகிறது,
அவசரத்தில் அப்பிய உதட்டுச் சாயம்போல.

எடுத்த கலம் வியாழனில் விழுந்து எரிந்து
வெகுகாலம்.
வெள்ளைப் புள்ளிகளைத் துடைக்கிறாள்:
கதிர் பட்ட வடு, வடு, இதுவும் வடு,
இது
மூன்றிலும் இருக்கிறது.
விரலை எடுத்துக்கொள்கிறாள்.

"நிஜமாகவே இந்த மஞ்சளா?"
இரவு ஷிப்டுக்கு டப்பாவை மூடியபடி ராடிம்.
தெரியாது என்கிறாள்.
அங்கே நின்று பார்த்த கண் ஏது?

ஜன்னலுக்கு வெளியே சுரங்கக் கழிவு மேடு.
உள்ளே இன்னும் கனல்வதால்
அதன் தலையில் மட்டும் பனி தங்குவதில்லை.
அந்த வெதுவெதுப்பில் கொஞ்சம்
எரிமலை வாயோரம் தடவுகிறாள்.
அதிகம்.
பாதியாகக் குறைக்கிறாள்.

கீழே ஒரு பட்டை கறுப்பு.
பூமிக்கு வந்து சேராத வரிகள்.
பக்கத்துச் சமவெளியை நகலெடுத்து ஒட்டினால்
எவருக்கும் தெரியாது.
ஒட்டினாள். அழகாகத்தான் இருந்தது.

காலையில் ஒரு சிறுமி
விழுந்த பல்லின் இடத்தை
நாக்கால் துழாவிக்கொண்டே நின்றாள்,
அசையாதே என்று எத்தனை சொல்லியும்.

ஒட்டியதை அழித்தாள்.
கறுப்பு திரும்ப வந்தது.

கடைசி டிராம் வளைவில் கிறீச்சிடுகிறது.
கோப்புக்குப் பெயர் கேட்கிறது கணினி.
'அயோ, இருபத்து மூன்று. முடியவில்லை'
என்று அடிக்கிறாள்.