ஏணி

வாக்குச்சாவடி வாசலில் வெங்காயம் வதங்கும் மணம்.
டண்டினோங் ஆரம்பப் பள்ளியின் கம்பிவேலி ஓரம்
எல்லாக் கட்சிக்காரரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
வதனாவும் நிற்கிறாள்,
இரண்டு அளவு பெரிய ரீசேட்டில்.
கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம்:
எல்லையைப் பூட்டுவோம்.

அதே கைதான்.

பதினோராம் நாள்,
டீசலும் வாந்தியும் மணத்த தட்டில்
போத்தல் மூடியில் அளந்து அளந்து
தன் பங்குத் தண்ணீரை
என் மகனின் வாயில் விட்ட கை.
அவனுக்கு அப்போது மூன்று வயது. ஒன்றும் ஞாபகமில்லை.
எனக்கு மூடியின் நிறம்கூட ஞாபகம். நீலம்.

இன்று அவனுக்கு முதல் வாக்கு.
நான் பார்த்துக்கொண்டு நிற்க
அவளிடம் தாளை வாங்குகிறான்.
அவள் அவன் கொலரைச் சரிசெய்கிறாள்.
எனக்குத் தாள் நீட்டவில்லை.
"கொம்மா மெலிஞ்சுபோனா" என்கிறாள் அவனிடம்,
நான் இரண்டடி தள்ளி நிற்கையில்.

எட்டு மாதத்துக்கு முன், என் குசினியில்
நான்தான் சொன்னேன்:
"ஏறின பிறகு ஏணியை உதைக்கிறாய்."
யோசித்துச் சொன்னதில்லை. எல்லாரும் சொல்கிற சொல்,
நாக்கில் கிடந்தது, வந்துவிட்டது.
அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.
"என்ர அக்காட பெடியன்
கதவு திறந்திருக்கு எண்டு நினைச்சுத்தான்
படகில ஏறினவன்.
பூட்டியிருந்தா இப்ப மன்னாரில
மீன் வித்துக்கொண்டு
உயிரோட இருந்திருப்பான்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது.
இருந்திருப்பானா என்று கேட்டேன்.
இரவில் அவனைத் தேடி வந்த வாகனத்தை
மறந்துபோனாயா என்று கேட்டேன்.
ஜகார்த்தாவுக்கு வெளியே ஓர் அறையில்
பன்னிரண்டு வருடமாய்க் காத்துக் கிடக்கும் என் தம்பியின்
முகத்தைப் பார்த்து இதைச் சொல்வாயா என்று கேட்டேன்.
கேட்டதெல்லாம் சரி. இப்போதும் சரி.
அவள் போன பிறகு
குடிக்காத தேத்தண்ணியைத் தொட்டியில் ஊற்றினேன்.

அப்புறம்தான் ஏணி பிரச்சினையானது.
மெய்யான ஏணி. ஆறடி, அலுமினியம்.
ஆம்பிளை இல்லாத இரண்டு வீடு,
பல்ப் மாற்ற ஆரைக் கூப்பிடுகிறது என்று
பாதிப் பாதி காசு போட்டு வாங்கினோம்.
என் கராஜ் சுவரில் சாய்ந்து நின்றது.
அவள் கேட்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.
காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம்
அதில் முட்டாமல் எடுக்கப் பழகிக்கொண்டேன்.

வாக்குப் போட்டுவிட்டு வந்த மகனிடம்
ஆருக்கு என்று கேட்டேன்.
"அது ரகசியம் அம்மா."
பாணுக்குள் வைத்த சொசேஜைக் கடித்தபடி நடந்தான்,
சோஸ் மணிக்கட்டு வரை ஒழுக.

இரவு பதினொன்றரைக்குப் போன்.
"புகை அலாரம் கீச்சுக் கீச்செண்டு கத்துது.
நித்திரை இல்லை. ஏணி வேணும்."
ஆர் வென்றது என்று இருவரும் பேசவில்லை.

சீற்றை மடித்து, பின்கதவு பாதி திறந்து ஆட,
கொண்டுபோனேன்.
நைற்றியைச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள்.
நான் காலைப் பிடித்துக்கொண்டேன்,
ஏணியின் காலை.
என் கண்ணுக்கு நேரே
அவளுடைய வெடித்த குதிக்கால்.
நான்காம் படியில் நின்று கீழே பார்த்தாள்.
அந்தச் சொல் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
"இறுக்கிப் பிடி" என்றாள்.

வாங்கி வைத்திருந்த பற்றரி பொருந்தவில்லை.
சதுரம் வேண்டும், இது உருளை.
இறங்கினாள். தலைக்கு மேல் அது கத்தியது.
"நாளைக்கு வாங்கிக்கொண்டு வாறன்."
"நாளைக்கு ஞாயிறு. கடை பத்துக்குத்தான் திறப்பான்."

ஏணியை மடிக்காமல்
அவள் நடைவழியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.
உள்ளே அவள் கதவைப் பூட்டும் சத்தம் கேட்கும்வரை
காரை எடுக்கவில்லை.