அரை சென்ட்

கருங்கல் அண்டியாபீசில் குனிந்திருந்து
பருப்பின் தோல் உரிக்கும்போது
மடிக்குள் வந்து கிடக்கும் அது.
எழுந்தால் தொப்புளுக்குக் கீழே இறங்கும்,
படுத்தால் இடப்பக்கம் உருளும்.
ஓர் அயனிச்சக்கை அளவு.

"நாலாவதாக்கும்?" என்றாள்
பக்கத்துப் பலகை றோஸ்லெட்.
பட்டியில் ஒரே கோடு.
என்னைவிட அவளுக்குத்தான் ஏமாற்றம்.

வாயு என்றார் ஒருவர். பூண்டு தின்றேன்.
சினைப்பைக் கட்டி என்றார் இன்னொருவர்,
எடுத்துவிடலாமென்று நாள்கூடக் குறித்தார்.
எடுத்திருந்தால்
என்னத்தை எடுத்திருப்பார்?

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி ஸ்கேன் சென்டர்.
குளிர்ந்த பசை.
டாக்டர் ஷாமிலி கருவியை
இடது விலாவுக்கு அடியில் வைத்தார்,
நகர்த்தினார், மறுபடி வைத்தார்.
வெளியே பாலத்தில் லாரி ஏற, கட்டில் அதிர்ந்தது.
"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றவர்
தன் மூச்சையும் பிடித்துக்கொண்டார்.
"இங்க ஆளில்லையே."

பிறகு அடிவயிற்றில் வைத்து,
"அட, நீ இஞ்சயா கிடக்க?"
என்னிடம் அல்ல.

மண்ணீரல்.
பேரிலேயே மண்.
நிற்க அரை சென்ட் கிடையாது.
இழுத்துக் கட்டும் நாண்கள் பிறவியிலேயே தளர்வாம்,
மூன்று பேறு மிச்சத்தையும் தளர்த்தியதாம்.
ஒரே ரத்தக்காம்பில் தொங்கிக்கொண்டு
வயிறு முழுக்க நடந்திருக்கிறது.

ஆசாரிப்பள்ளத்தில் சி.டி. எடுத்தார்கள்.
காம்பு பாதி முறுக்கியிருக்கிறது,
படத்தில் சுழி தெரிகிறது என்றார் சர்ஜன்.
என் மகனின் இரட்டைச் சுழிக்கு
இரண்டு கல்யாணமென்று பலன் சொன்ன குடும்பம்
இந்தச் சுழிக்கு வாய் திறக்கவில்லை.

"ரத்தம் ஓடுது, அதனால ரெண்டு வாரம் இருக்கு.
உயிரோட இருந்தா கட்டி வைப்போம்.
கறுத்துப்போனா எடுத்திருவோம்.
எடுத்தாச்சுன்னா, பிறகு காய்ச்சல் வந்தா
காலையில பாப்போம்னு கிடக்கப்படாது.
அந்த ராத்திரியே வரணும்."

எது நடந்தாலும் இருக்கட்டுமென்று
முன்கூட்டியே மூன்று தடுப்பூசி.
தோள் வீங்கிக் கிடந்த நாட்களில்
பழைய முறுக்குகளை எண்ணிப் பார்த்தேன்:
திக்கணங்கோட்டில் பஸ்ஸை நிறுத்தி வாந்தியெடுத்தது,
பெரிய வெள்ளியன்று முழங்காலிலிருந்து
எழ முடியாமல் கிடந்தது.
பக்தி என்று நினைத்தார் உபதேசியார்.

மீதியை நர்ஸ் அஜிதகுமாரி சொன்னாள்.
திறந்தபோது நாவல்பழக் கறுப்பாம்.
ஒன்றரைச் சுற்றுப் பிரித்துவிட்டு
சூடான ஈரத்துணியால் மூடினார்களாம்.
பத்து நிமிடம் ஏசி மட்டும் இரைந்ததாம்.
துணியை எடுத்தால்
ஓரத்திலிருந்து செம்மண் நிறம்
ஏறிக்கொண்டிருந்ததாம்.

வலைப்பைக்குள் இட்டு
விலாவுக்கு அடியில் சேர்த்துத் தைத்தார்கள்.
வலை என்று கேட்டதும்
அடுத்த கட்டில் குளச்சல் டெல்பினாள்
தன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"சின்னக்கண்ணியா, பெரிய கண்ணியா?
கேட்டு வச்சுக்கோ, பொத்தல் விழுந்தா நான் முடிஞ்சு தாறேன்."

ஆறு மாதம் கழித்து
அதே பசை, அதே லாரி.
"இருக்கு. வச்ச இடத்துலதான் இருக்கு."
திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன்.
சாம்பலில் வளைந்த ஒரு துண்டு.
இதைத்தான் நாளெல்லாம் கையில் பிடிக்கிறேன்.
முழுப் பருப்பு. உடைசல் இல்லை.
தோலில் கொஞ்சம் கறை,
அதற்காக யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

பசையைத் துடைக்க
அவர் தந்த தாள் போதவில்லை.
முந்தானையால் துடைத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.
இரண்டாம் ஷிப்டுக்குப் போயாக வேண்டும்.