இடம் விட்டுத் தைத்த பை

தொரப்பாடி குவார்ட்டர்ஸில்
ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு
எல்லா வீட்டிலும் பிரியாணி தின்ற தூக்கம்.
அதுதான் எங்கள் நேரம்.
அடுப்பங்கரை ஜன்னலுக்கு ஈரப் போர்வை.
இருபது லிட்டர் அண்டாவில்
முளைகட்டி வறுத்த பார்லியின் தண்ணீர்
மெல்லப் பேச ஆரம்பிக்கும்.

ஏன் இந்தப் பாடு என்றால்,
டாஸ்மாக் வரிசையில் கோவர்த்தனனுக்கு முன்னால் நிற்பவன்
போன மாசம் விடுதலையானவன்.
'வணக்கம் சார்' என்று இடம் விடுகிறான்.
அப்புறம் குடித்தது இறங்குவதில்லை.

லாலாப்பேட்டை சித்தப்பா மகன்
பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது ஹாப்ஸ்.
பார்த்தால் முயல் புழுக்கை.
மோந்தால் எலுமிச்சைத் தோல், அரிந்த புல்,
எங்கோ ஓரத்தில் வேப்பம்பூ.
நாக்கில் வைத்தேன்.
நிலவேம்பு தோற்றது.

முதல் தடவை அப்படியே கொட்டினார்.
அண்டா சீறிப் பொங்கி
அடுப்பை அணைத்தது.
ஆறியதும் குழாயைத் திறந்தால்
ஒரு சொட்டு இறங்கவில்லை. பச்சைச் சேறு.
ஹேர்பின்னால் குத்தினார், வாய் வைத்து ஊதினார்,
வாயெல்லாம் கசந்துபோய்
அரசாங்கத்தைத் திட்டினார்.
அதன் சம்பளத்தில்தான் ரெண்டு பேரும்.

அடுத்தது டீ வடிகட்டி. உப்பி, வழிந்து, அதே சேறு.

மூன்றாம் தடவை
என் பழைய உள்பாவாடைத் துணியில்
காணிக்கைக் காசு முடிகிற மாதிரி
இறுக்கி முடிந்து போட்டோம்.
ஒரு மணி நேரம் கொதித்தது.
அவிழ்த்தால் நடுவில்
காய்ந்த உருண்டை ஒன்று.
தண்ணீர் அங்கே போகவே இல்லை.
அந்த பீர் தித்தித்தது.
தித்திக்கிற பீரை என்ன செய்வது,
செம்பருத்திக்கு ஊற்றினோம்.

பெண்கள் சிறையில் நான் பதினோரு வருஷமாய் வார்டர்.
நேர்காணல் அறையில் ரெண்டு அடுக்குக் கம்பிவலை.
குரல் போகும், விரல் போகாது.
மூச்சு போகும், முறுக்கு போகாது.
அழுகையைப் பற்றி
விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி கொசுவலையைக் கிழித்தேன்.
ரெண்டு தரம் வெந்நீரில் வேகவைத்தேன்.
போடப்போவது ஒரு பிடி,
தைத்தது தலையணை உறை அளவு.
"இவ்ளோ பெருசு இன்னாத்துக்கு?"
"ஊறும். உப்பும்.
திரும்பிப் படுக்க இடம் வேணுமில்ல."
வாயில் சுருக்கு வைத்து
அண்டாவின் காதோடு கட்டினேன்.
அடியைத் தொட்டால் தீய்ந்துவிடும்.

நாலாம் ஞாயிறு
பை உப்பியது, புரண்டது,
தூங்கும் குழந்தையின் வயிறாய் ஏறி இறங்கியது.
தண்ணீர் உள்ளே போய்
கசந்து வெளியே வந்தது.
இலை இருந்த இடத்தில் இருந்தது.
வாசனைக்கு இன்னொரு பிடி,
கடைசி ஐந்து நிமிஷத்தில்.
கோவர்த்தனன் பையைப் பிழியப் போனார்.
கையைத் தட்டிவிட்டேன்.
தானாய்ச் சொட்டுவது போதும்.

மறுநாள் காலை ஆறு மணி, எண்ணிக்கை.
வெள்ளச்சி, ஜவ்வாது மலை,
சாராயக் கேஸ், இன்னும் ஏழு மாசம்.
சோதிக்கக் கை நீட்டினேன்,
மூன்று முறை சோப்புப் போட்ட கை.
என் மணிக்கட்டருகே மூக்கைக் கொண்டுவந்தாள்.
"வேலம்பட்டை இல்ல," என்றாள் தனக்குள்.
"வெல்லமும் இல்ல.
இன்னாம்மா இது?"

அவளை உள்ளே வைத்தது நாலு கேன்.
எங்கள் கட்டிலுக்கடியில்
இந்நேரம் நுரைத்துக்கொண்டிருப்பது
ஒன்று.

நாற்பத்தொன்று, என்றேன் உரக்க.
கணக்கு சரியாக இருந்தது.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வரிசைக்குத் திரும்பியவள்
கண்ணை மூடிக்கொண்டு
இன்னும் மோந்துகொண்டிருந்தாள்
காற்றை.