மணல்மூட்டை உட்கார்ந்த இடம்

மூன்றாவது மாதிரி வரைக்கும்
அந்த இருக்கையில் ஒரு மணல்மூட்டைதான் போய்வந்தது.
அறுபது கிலோ. குறுக்கே கயிறு.
மோடெனாவில் ஏறி, மலை தாண்டி, புளோரன்ஸ் தொட்டுத் திரும்பும்.
ஒரு குறையும் சொன்னதில்லை.

நவம்பரில் மூட்டை கிழிந்தது.
கணக்கறைக் கதவைத் திறந்து
"நீவெஸ், உன் எடை எவ்வளவு?" என்றார் பொறியாளர் கவத்ஸுட்டி.
ஐம்பத்தாறு என்றேன்.
மீதி நாலுக்குப் பேரேட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.
(அந்தச் சோதனைத் தாள்களில்
இன்றைக்கும் நாலு கிலோ பொய் இருக்கிறது.)

லெயார்கோ ஓட்டினான்.
பள்ளத்தாக்குப் பனிமூட்டத்தில்
அவன் சாலையைப் பார்ப்பதில்லை, ஞாபகப்படுத்திக்கொள்வான்.
பன்னிரண்டு சிலிண்டர்:
மெதுவாகப் போகையில்
ஒரே மேசையில் பன்னிரண்டு பேர் தட்டை உருட்டும் சத்தம்;
நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும்
எல்லாருக்கும் ஒரே தொண்டை.

மேனி எர்மேட்டேயின் கைவேலை.
மரக்கட்டைக் குழியில் வைத்துத் தட்டித் தட்டி
அலுமினியத்துக்கு இடுப்பு வரவழைத்தவர்.
முன்மூடியில் ஒரு கீறல் கிடையாது.
விளக்கொளி அதன்மேல் விழுந்தால் நிற்க இடமில்லாமல் வழுக்கும்.
எங்களை அதைத் தொடவே விடமாட்டார்.

கணவாய்க்கு இரண்டு வளைவு கீழே
"என் செருப்பு உருகுகிறது" என்றேன்.
"ஆமாம், நல்ல வேகம்" என்றான் லெயார்கோ.
பிறகுதான் அவனுக்கும் நாற்றம் எட்டியது.

இறங்கி, வலது காலைப்
பாதையோரப் பனியில் புதைத்துக்கொண்டு நின்றேன்.
உஸ்ஸென்று ஒரு சின்ன ஆவி.
ஏழு மாதம், பதினோராயிரம் கிலோமீட்டர்,
ஒருவருக்கும் தோன்றவில்லை:
மூட்டைக்குக் கால் இல்லை.

மூன்று நாள் சண்டை.
சூடு வெளியேற வழி வேண்டும் என்றார் ஒருவர்.
வழி வேண்டுமானால் ஜன்னலைத் திறந்துகொள்ளட்டும் என்றார் எர்மேட்டே.
நான்காம் நாள் என் கட்டுப்போட்ட பாதத்தைப் பார்த்தார்,
ஒன்றும் பேசவில்லை,
தகடு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போனார்.
பக்கத்துக்கு ஐந்து கீறல்.
அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

ஜெனீவாக் கண்காட்சியில்
கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றைத் தடவினார்கள்.
மீனின் செவுள் என்றது ஒரு பத்திரிகை.
இந்த ஐந்து கோடுகளுக்காகவே
மற்ற உடல் முழுவதையும் வரைந்திருக்கிறார்கள் என்றது இன்னொன்று.
எர்மேட்டே அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.
மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

நான் பேரேட்டில் எழுதினேன்:
பெண்கள் காலணி, பழுப்பு, ஒரு ஜோடி,
நாலாயிரத்து இருநூறு லிரா,
வாகன உருவாக்கச் செலவு.

ஒரு ஜோடியா, ஒன்றுதானே உருகியது என்று கேட்டுவிட்டு
கவத்ஸுட்டி கையெழுத்துப் போட்டார்.