ஒரு வளையத்தில் இரண்டு திறப்பு

காலையில் ஸ்டார்ட் ஆகிறது.
மத்தியானம் செங்கலடிச் சந்தியில்
ஒரு நிமிஷம் நிற்பாட்டி எடுத்தால் ஆகாது.
உறுமும், இரண்டு விநாடி எரியும்,
அணையும்.
டாஷ்போர்டில் ஒரு சிவப்புத் திறப்புப் படம்
கண்ணைச் சிமிட்டும்.
என்னைத் தெரியாதாம்.

கார் என்னுடையதல்ல.
கணக்காளர் சிவகங்கா அம்மாவுடையது.
பின்சீற்றில் கோப்பை விரித்தபடி
"தவநேசன், இன்னும் எத்தனை நிமிஷம்?" என்பா,
நிமிஷத்தையும் ஒரு நிரலில் எழுதுகிறவ மாதிரி.
கச்சேரியில் இரண்டு மணிக்குக் கூட்டம்.

ரிமோட்டுக்குப் புதுப் பற்றரி போட்டாயிற்று,
காத்தான்குடி மணிக்கூட்டுக் கடையில்.
கதவு திறந்தது, எஞ்சின் திறக்கவில்லை.
பெரிய பற்றரியின் முனையில் பூத்திருந்த பச்சையைச்
சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
ஓட்டோக்காரன் பிளக் என்றான்.
டயர்க் கடைக்காரர், இல்லை, பம்ப் என்றார்.
அம்மாவின் மச்சாள் நாவூறு என்றா.
தேசிக்காய் கட்டினோம்.
அது வாடும்வரை, பொய் சொல்லக்கூடாது,
நன்றாகத்தான் ஓடியது.

மறுகா ஒருநாள் கயிறு கட்டி
ஏறாவூர் முபீத்திடம் இழுத்துக்கொண்டு போனோம்.
அவன் பொனட்டைத் தொடவில்லை.
கையிலிருந்த பணிஸை மென்று முடித்து,
விரலைக் காற்சட்டையில் துடைத்து,
"திறப்பக் காட்டுங்கண்ணே" என்றான்.

வளையத்தில் இரண்டு கிடந்தன.

"மத்தது என்னத்துக்குரிய?"
"அது பழசு."
"பழசெண்டா?"

மற்றது வேனுடையது.
கறுப்புப் பிடியின் ஓரத்தில்
பல் முளைத்த நாளில் மகன் கடித்த தடம்.
மூன்று தவணை பிந்தியது.
நாலாம் மாதம் வாழைச்சேனையில்,
கடதாசி ஆலைப் பக்கம்,
லீசிங் கம்பனிக்காரர் இரண்டு பேர்
மோட்டார் சைக்கிளில் வந்தார்கள்.
மரியாதையாகத்தான் கேட்டார்கள்.
சீற்றுக்கடியில் கிடந்த பிள்ளையின் செருப்பை
அவர்களே எடுத்துத் தந்தார்கள்.
ஒரு திறப்பைக் கொடுத்தேன்.
மற்றதைக் கேட்க மறந்தார்கள்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.

முபீத் ஸ்டியரிங்குக்குக் கீழே விரலை வைத்தான்.
"இதுக்குள்ள ஒரு செப்புச் சுருள் இருக்கு.
திறப்பக் குடுத்ததும் அது 'ஆரு?' எண்டு கேக்கும்.
திறப்புக்குள்ள இருக்கிற சிப்புக்குப் பற்றரி இல்ல.
அந்தக் கேள்வியிலதான் அதுக்கு உசிரு வாற.
உசிரு வந்ததும் தன்ட நம்பரச் சொல்லும்.
ஒண்டு சொன்னாச் சரி.
இஞ்ச ரெண்டும் ஒண்டாக் கத்துது.
கார் என்ன செய்யும்?
கள்ளன் எண்டு நினைச்சி எண்ணெய வெட்டுது."

"காலையில ஓடுதே?"

"அந்த நேரம் மத்தது கீழ தொங்கியிருக்கும்.
உங்கட கை பட்டு மேல ஏறினாத்தான் கரைச்சல்."

நாலு மாதமாய் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன்.
என் கையை நான் சோதிக்கவில்லை.

குறட்டால் வளையத்தை விரித்தான்.
வேனின் திறப்பைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான்.
காரின் திறப்பைத் திருகினேன்.
பிடித்தது. சிவப்புப் படம் அணைந்தது.
ஐந்நூறு ரூபா.
ஒரு திறப்பைக் கழற்றியதற்கா என்று
அம்மா முகம் சுளித்துவிட்டு
ரசீது கேட்டா.
ரசீதா, என்று முபீத் சிரித்தான்.

தன்னாமுனை தாண்டும்வரை ஒருவரும் பேசவில்லை.
வேன் இப்போது குருணாகல் பக்கம்,
வெள்ளையடித்து,
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறதாம்.
அங்கேயும் அது காலையில் கேட்கும், ஆரு என்று.
அதற்குத் தெரிந்த இன்னொரு பதில்
என் சட்டைப்பையில் இருக்கிறது.

"தவநேசன்."
"ஓம் அம்மா."
"வேனை ஏலத்தில வித்தவங்கள்தானே.
அந்தக் காசைக் கழிச்சு
மிச்சம் கட்டச் சொன்னவங்களா?"
"ஒரு லட்சத்தி நாப்பத்தாறாயிரம்.
மாசம் நாலாயிரம் கட்டுறன்."
கண்ணாடியில் அவவின் பேனை
ஒரு கணம் நின்றது.

"அப்ப கணக்கு இன்னும் மூடல்ல" என்றா.
"திறப்ப வெச்சிரு."

பைக்குள் அது சும்மா கிடந்தது.
கேட்பதற்கு
அங்கே ஒருவரும் இல்லை.