மைனஸ் பதினெட்டு

மூன்றாம் பாகம் முழுக்கப் பனி.
நெவாரா போர்த்தியிருப்பது
ஓநாய்ச் சாம்பலில் ஒரு மேலங்கி,
கழுத்தில் செம்புக் கொக்கி.

வெளியே ஆகஸ்ட்.
சால்மியாவில் கார்க் கதவைத் தொட முடியாது.
நான் தைத்தது ஃபர்வானியா வீட்டுப் பழைய திரைச்சீலையில்.
கழுத்து ரோமம், குளியலறை மிதியடி
(துவைத்தேன், இரண்டு முறை).
கொக்கி, அப்பாவின் டூல் பாக்ஸில் கிடந்த பைப் கிளாம்ப்.

எங்கே போட்டுக்கொள்வது இதை?
மொட்டைமாடியில் செத்தே போவேன்.
இந்த ஊரின் குளிர்காலம்
ஹைப்பர்மார்க்கெட்டில் இருக்கிறது,
உறைமீன் வரிசையில்.

அம்மா வஞ்சிரத்துக்கு விலை பார்த்த நேரம்
கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி
வடக்கு எல்லையைக் காவல் காத்தேன்.
பட்டாணிப் பொட்டலங்கள் புகைந்தன.

எதிரில் ஒருத்தி. என் வயசுதான், கறுப்பு அபாயா.
கொக்கியையே பார்த்தாள்.
பிறகு அக்கம்பக்கம் நோட்டமிட்டு
கைமடிப்பை லேசாகத் திருப்பினாள்.
உள்பக்கம் வெள்ளி நூலில்
ஏழு முட்கள்.

முள்குலம்!
என் தம்பியை,
அதாவது நெவாராவின் தம்பியை,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கொன்றவர்கள்.

வாளை உருவவேண்டிய இடம்.
என் கையில் இறால் பாக்கெட்.

"நாலாம் பாகம் எப்போ?"
இங்கிலீஷில் கேட்டாள்.
"அக்டோபர்."
தலையசைத்தாள், ராணிக்கு ராணி அசைப்பதுபோல.

"கதவைச் சாத்துடி ஜெனிலா,
கடைக்காரன் கரண்ட் பில்லை
உங்கப்பாவா கட்டுறாரு?"

சாத்தினேன்.
அவள் பாலாடைக்கட்டிப் பக்கம் மறைந்தாள்.

தம்பியைக்கூட விட்டுவிடலாம்.
அந்த முட்களின் தையல்
என்னுடையதைவிட நேர்த்தி.